பேகம் ஜஹானாரா ஷாநவாஸ்

ஒரு முஸ்லிம் மகளுக்குத் தகப்பனார் சொத்தில் பாகம் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. பிள்ளைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒரு பாகம். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வரையறுத்துக் கொடுத்த கணக்கு இது. ஆனால், கோடானுகோடி முஸ்லிம்கள் வாழ்ந்த பஞ்சாப் தேசத்தில், இந்தக் கணக்கு வயல் வரப்பு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்த வரப்பைத் தாண்டச் செய்ய உழைத்தவர்களுள் முன்னணியில் நின்ற மாதரசியின் சரிதையை இவ்விதழில் எழுதுகிறோம்.

ஜஹானாரா அம்மையார் 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி லாகூரில் பிறந்தார். லாகூரை அடுத்த பாக்பான்பூரா மியான் குடும்பம் அவருடையது. மொகலாயர் காலத்திலிருந்து ஷாலிமார் தோட்டத்தைப் பராமரித்து வந்த நிலக்கிழார் குடும்பம். தகப்பனார் ஸர் மியான் முஹம்மது ஷபி பெயர்பெற்ற வக்கீல். முஸ்லிம் லீக்கின் தலைவர்களுள் ஒருவர். வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் அங்கம் வகித்தவர். மகளைப் படிக்க வைத்ததும், பொதுக் காரியங்களில் கூடவே அழைத்துச் சென்றதும் அவர்தாம். 1911-ல் பாரிஸ்டர் மியான் ஷாநவாஸுக்கும் அம்மையாருக்கும் நிக்காஹ் நடந்தது.

1930-ல் லண்டனில் முதல் வட்டமேஜை மகாநாடு கூடியபோது, இந்தியாவிலிருந்து சென்ற பிரதிநிதிகளில் இருவர் மாதர். ஒருவர் ஜஹானாரா அம்மையார். மற்றவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயன் அம்மையார். அங்கே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு இருவரும் வாதாடினார்கள். மூன்றாவது மகாநாட்டில் ஜஹானாரா ஒருவரே மாதர் பிரதிநிதி.

இனி நிலத்தின் கதைக்கு வருவோம். பஞ்சாபைப் பிடித்த பிரிட்டிஷார் 1872-ல் ஒரு சட்டம் செய்தார்கள். வாரிசு, விவாகம், பெண்களின் சொத்து முதலிய விஷயங்களில் முதலில் ஊர் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். வழக்கம் இல்லையென்றால் மட்டுமே மார்க்கச் சட்டம். அந்த வழக்கம் இன்னதென்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? நிலவரி அதிகாரிகள் கிராமம் கிராமமாகச் சென்று, குலத்துப் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டு, 'ரிவாஜே ஆம்' என்ற புத்தகங்களில் எழுதிக் கொண்டார்கள். கேட்டது ஆண்களிடம், பதில் சொன்னதும் ஆண்கள். கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளியை வெளியே நிறுத்திவிட்டு, மற்றவர்கள் சொல்லச் சொல்லப் பேரேடு எழுதினால் அவருக்கு எவ்வளவு வரவு விழும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு விளக்க வேண்டுவதில்லை. மகளுக்கு நிலம் கொடுத்தால் அது மருமகன் வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லி, பங்காளிகள் இருக்கும்வரை மகளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். விதவை, சாகும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை அனுபவிக்கலாம். விற்கும் உரிமை கிடையாது. கோர்ட்டுகளும் இந்தப் புத்தகங்களையே சாட்சியமாக எடுத்துக் கொண்டன.

1937-ல் மத்திய சட்டசபை ஷரீஅத் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதிலும் விவசாய நிலம் விலக்கப்பட்டது. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது என்பது சட்டக் காரணம். பெரும் ஜமீன்தார்களின் மனம் கோணக்கூடாது என்பதும் கூடவே இருந்த காரணம் என்பது எமது கருத்து. சென்னை மாகாணத்தில் 1949-ல் அந்த விலக்கை நீக்கித் திருத்தம் செய்தார்கள் என்பதை, ஊரில் நஞ்சையும் தோப்பும் உள்ள நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே 1937-ல் அம்மையார் பஞ்சாப் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கல்வி, சுகாதாரத் துறைகளின் பார்லிமெண்டரி காரியதரிசியானார். அவருடைய அரசியல் பாதை நேர்க்கோடாக இருந்ததென்று சொல்ல மாட்டோம். 1941-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலிலிருந்து விலகும்படி முஸ்லிம் லீக் கட்டளையிட்டபோது மறுத்துவிட்டார், லீக்கிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு திரும்பி வந்து, 1946 தேர்தலில் வென்று, 1947-ல் பஞ்சாப் மறியலில் சிறையும் சென்றார்.

பாகிஸ்தான் பிறந்தது. 1948-ன் தொடக்கத்தில், விவசாய நிலத்தையும் சேர்த்து வாரிசுரிமையை ஷரீஅத்தின்படி ஆக்கும் மசோதா மேற்குப் பஞ்சாப் சட்டசபைக்கு வருவதாக இருந்தது. வரவில்லை, நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மார்க்கத்தின் பெயரால் நாடு கேட்டவர்கள், நிலம் என்று வந்தவுடன் வழக்கத்தைப் பிடித்துக் கொண்டார்கள்! சட்டசபையிலிருந்த ஜஹானாரா அம்மையாரும், பேகம் ஸல்மா தஸத்துக் ஹுஸைனும் விடவில்லை. ஆயிரக்கணக்கான மாதர்கள் ஊர்வலமாகச் சட்டசபை வாசலுக்கே வந்து கோஷமிட்டார்கள். அவர்களை நடத்திச் சென்றவர்களுள் அம்மையாரும் ஒருவர். அகதிகள் கூட்டம் கூட்டமாக லாகூருக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. பிரதம மந்திரி லியாகத் அலி கான் தலையிட்டார். மசோதா சட்டமாகி, 1948 மார்ச் 15 முதல் அமுலுக்கு வந்தது.

ஒரு மாதம் சென்றது. ஏப்ரலில், அம்மையாரின் மகளும் எழுத்தாளருமான மும்தாஜ் ஷாநவாஸ், அமெரிக்கா செல்லும் வழியில் அயர்லாந்தில் விமான விபத்தில் வபாத்தானார். மகள்களின் பாகத்துக்காக வீதியில் நடந்த தாய், தம் மகளை இழந்த துயரத்தோடுதான் அரசியல் நிர்ணய சபையில் தொடர்ந்து அமர்ந்திருந்தார்.

1948 சட்டம் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை. விதவைகள் வழக்கப்படி வைத்திருந்த ஆயுட்கால அனுபோகம் 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால்தான் படிப்படியாகத் தீர்க்கப்பட்டது. ஏட்டில் வந்த உரிமை வீட்டுக்கு வருவதும் எளிதாக இல்லை. சகோதரன் மனம் நோகுமே என்று கைநாட்டு வைத்துப் பாகத்தை விட்டுக் கொடுத்த சகோதரிகள் ஏராளம். பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட்டு 1990-ல் வெளியான ஒரு தீர்ப்பில் இப்படிப்பட்ட விட்டுக்கொடுத்தலை ஏற்க மறுத்தது. 2011-ல், பெண்ணின் வாரிசுச் சொத்தை வஞ்சகமாகப் பறிப்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை அல்லது பத்து லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று சட்டம் வந்தது.

இதைக் காண அம்மையார் இருக்கவில்லை. 1971-ல் 'தந்தையும் மகளும்' என்ற பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் தம் சரிதையை வெளியிட்டார். 1979 நவம்பர் 27-ல், தமது எண்பத்து மூன்றாம் வயதில், லாகூரில் வபாத்தானார்.