விகிதக் கணக்கிலிருந்து வெள்ளை மாளிகைக்கு

உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் கணிதப் பாடம் திடீரென்று முகம் மாறிவிட்டதுபோல் தோன்றும். எண்களோடு மட்டும் பழகிய நமக்கு விகிதம், வீதம், எண்ணுக்குப் பதிலாக எழுத்து, வடிவியலில் ஒவ்வொரு படிக்கும் காரணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே உதவப்போகிறது என்று கேட்காத மாணவர் குறைவு. அதற்கு நல்ல பதில் ஒன்று கணித மேதை அல்லாத ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் அமெரிக்காவின் 16வது அதிபர் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் 1809 பிப்ரவரி 12ஆம் தேதி கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிலில் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். காட்டை வெட்டி வயலாக்கும் வேலையில் தந்தைக்குத் துணையாக நின்ற அவர், பள்ளிக்குச் சென்ற நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று அவரே பிற்காலத்தில் கணக்கிட்டிருக்கிறார். எழுதவும் படிக்கவும் தெரியும், விகிதக் கணக்குவரை போடத் தெரியும், அதற்குமேல் பள்ளியில் ஒன்றும் கற்கவில்லை என்பதுதான் தம் கல்வியைப் பற்றி அவர் தந்த விவரம்.

அந்த விகிதக் கணக்கு நமக்குப் புதிதன்று. மூன்று அளவுகள் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிப்பதே அது. நான்கு கோப்பைத் தேநீர் 6 வெள்ளி என்றால் பத்துக் கோப்பை எவ்வளவு? ஒரு கோப்பை ஒன்றரை வெள்ளி, ஆகப் பத்துக் கோப்பை 15 வெள்ளி. தாள் கிடைக்காதபோது லிங்கன் பலகையில் கணக்கு எழுதினார் என்றும், பலகை கறுத்துப்போனால் அதைச் சீவிவிட்டு மீண்டும் எழுதினார் என்றும் சிற்றன்னை சாரா பின்னர் நினைவுகூர்ந்தார். மகன் பதினைந்து வயதையொட்டிக் கணக்குப் போட்டுப் பழகிய தாள்களில் சிலவற்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். பெருக்கல், வகுத்தல், வட்டி, விகிதம் எல்லாம் அவற்றில் உள்ளன.

22 வயதில் லிங்கன் இலினோய் மாநிலத்தின் நியூ சேலம் சிற்றூருக்கு வந்தார். ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து நடத்திய கடை நொடித்துப்போய்க் கடன்தான் மிஞ்சியது. 1833ல் நில அளவையாளருக்குத் துணையாளர் வேலை கிடைத்தது. ஆனால், அவருக்குத் தெரிந்த கணிதம் அந்த வேலைக்குப் போதவில்லை. கோணமும் முக்கோணவியலும் தேவைப்பட்டன. புத்தகங்களைத் தேடிப் பிடித்து, ஊர் ஆசிரியர் ஒருவரின் உதவியுடன் 24 வயதில் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அன்றைய அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல்; பத்துக்கு ஒரு சங்கிலி கொண்ட செவ்வகம் ஓர் ஏக்கர். இப்படி அமைந்ததால், அளந்ததைத் தசம எண்ணாக எழுதிப் பெருக்கினாலே பரப்பளவு கிடைத்துவிடும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் ஒருவரின் நிலம் அடுத்தவருக்குப் போய்விடும். பழைய கடனுக்காக அவரது குதிரையும் அளவைக் கருவிகளும் ஏலத்துக்குப் போனபோது, அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பள்ளியில் எட்டாத கணிதம் அவருக்குச் சோறு போட்டது.

பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார். நாடாளுமன்றத்தில் ஒரு தவணை முடித்து 1849ல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 40. அதன்பின் யூக்ளிட் எழுதிய வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளைத் தாமாகவே கற்றார். வழக்குகளுக்காக ஊர் ஊராகப் போகும்போது, உடன் தங்கிய வழக்கறிஞர்கள் உறங்கிய பிறகும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று அவருடன் சேர்ந்து தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ன்டன் எழுதியிருக்கிறார். தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஒரு கூற்றைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவுவது எப்படி என்பதைத்தான் அந்த நூலில் அவர் தேடினார்.

அந்தப் பயிற்சி எதற்கு உதவியது? 1854ல் அமெரிக்காவின் புதிய நிலப்பகுதிகளிலும் அடிமை முறை நுழையச் சட்டம் வழிவிட்டது. ஏறக்குறைய அக்காலத்தில் லிங்கன் தமக்காக எழுதி வைத்த குறிப்பு ஒன்றில், மனிதர்களுக்குப் பதிலாக ஏ, பி என்ற எழுத்துகள் வருகின்றன. பியை அடிமையாக்க ஏக்கு உரிமை உண்டு என்றால் காரணம் என்ன? வெளுத்த நிறமா? அப்படியானால் ஏயைவிட வெளுத்தவர் ஒருவர் ஏயை அடிமையாக்கலாம். அறிவா? ஏயைவிட அறிவாளி அதையே செய்யலாம். சுயலாபமா? அதை எவரும் சொல்லிக்கொள்ளலாம். எந்தக் காரணத்தை வைத்தாலும் அது ஏயையே திருப்பித் தாக்குகிறது. பெயரையும் நிறத்தையும் எடுத்துவிட்டு எழுத்தை வைத்ததும் வாதத்தின் ஓட்டை வெளியே தெரிந்தது. இயற்கணிதம் பழக்கும் பார்வை இதுதான்.

1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் அவர் எண்ணிக் காட்டினார். புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறையைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்ட 39 பேரும் அது குறித்து எப்படி நடந்துகொண்டார்கள் என்று லிங்கன் ஒவ்வொருவராகத் தேடினார். அந்த அதிகாரம் உண்டு என்று ஏற்றுச் செயல்பட்டவர்கள் 21 பேர். 39ல் பாதி பத்தொன்பதரை. பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அந்த ஆண்டே அவர் அதிபர் தேர்தலில் வென்றார்.

உள்நாட்டுப் போர் மூண்டது. 1863 ஜனவரி 1ஆம் தேதி, கிளர்ச்சி செய்த பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஆற்றிய சிறு உரையை, நாடு பிறந்து 87 ஆண்டுகள் ஆனதைக் கணக்கிட்டுத் தொடங்கினார். எல்லா மனிதரும் சமம் என்பதை 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனம் தானே விளங்கும் உண்மை என்றது. லிங்கனோ அதற்கு வடிவியல் நூலில் வரும் சொல்லையே பயன்படுத்தினார். நிறுவிக் காட்டவேண்டிய கூற்று என்ற பொருளும் அதற்கு உண்டு.

1865 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு சுடப்பட்ட அவர் மறுநாள் காலை உயிரிழந்தார். வயது 56. அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த சாசனத் திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்தது.

லிங்கனுக்கு 24 வயதிலும் 40 வயதிலும் கிடைத்த பாடங்கள் நமக்கு 13, 14 வயதிலேயே வகுப்பறையில் கிடைக்கின்றன. விகிதம் ஒப்பிடக் கற்றுத் தருகிறது. எழுத்து, ஆளைப் பார்க்காமல் வாதத்தைப் பார்க்கச் சொல்கிறது. வடிவியல், காரணம் இல்லாமல் எதையும் ஏற்காதே என்கிறது. துணைப்பாட வகுப்பில் இன்னொரு பயிற்சித்தாளை முடிக்கும் அவசரத்திலும், இந்த மூன்றில் எது இன்னும் பிடிபடவில்லை என்று பாருங்கள். அதை இந்த வயதில் பிடித்துக்கொள்வது எளிது. தவறவிட்டிருந்தாலும், திரும்பிப்போய்க் கற்க வெட்கப்படத் தேவையில்லை.