பசி தீர்த்த பந்தாட்டம்

பந்தாட்டம் உடலுக்கு வலிமை தரும். உள்ளத்துக்கு மகிழ்ச்சி தரும். இதனை அனைவரும் அறிவர். ஆயின், பசித்த குழந்தைகளுக்கு அது உணவும் அளித்தது என்பதைப் பலர் அறியார். அவ்வரிய பணியைத் தொடங்கி வைத்த பெருந்தகையே சகோதரர் வால்பிரிட் ஆவார்.

இவருடைய இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். அயர்லாந்து நாட்டின் பாலிமோட் என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் பிறந்தார். அவர் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது நாட்டைக் கொடும் பஞ்சம் சூழ்ந்தது. ஏழை மக்களின் முதன்மை உணவாகிய உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி அழித்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் பிழைப்பு நாடிக் கடல் கடந்தனர்.

இத்தகைய நாட்டில் வளர்ந்த ஆண்ட்ரூ, 1864ஆம் ஆண்டில் மேரிஸ்ட் சகோதரர்கள் என்னும் கிறித்துவத் துறவியர் சபையில் சேர்ந்து, வால்பிரிட் என்னும் பெயரைப் பூண்டார். கல்வி புகட்டுவதே அச்சபையின் தலையாய பணி. சிங்கப்பூரில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மேரிஸ் ஸ்டெல்லா பள்ளியும் அச்சபையினர் நிறுவியதே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆசிரியராகப் பணியாற்றிய வால்பிரிட், 1874ஆம் ஆண்டில் அந்நகரின் கிழக்குப் பகுதியிலிருந்த திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அப்பகுதி, அயர்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர் நிறைந்த பகுதி. கூலியோ குறைவு, குடியிருப்போ நெருக்கம், நோயோ மிகுதி. பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தனர். வாராமலே நின்றவரும் உண்டு. பசித்த வயிற்றோடு பாடம் கேட்பது எங்ஙனம்? இதனை உணர்ந்த வால்பிரிட், 1884ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஓர் உணவுக்கு ஒரு பென்னி பெறப்பட்டது. இலவசமாக வாங்கி உண்கிறோம் என்னும் தாழ்வு எண்ணம் பிஞ்சு உள்ளங்களில் புகலாகாது என்பதே அதன் நோக்கம்.

பென்னிக் காசுகள் செலவுக்குப் போதவில்லை. நன்கொடையும் எத்தனை நாள் வரும்? அவ்வேளையில், 1887ஆம் ஆண்டில், எடின்பரோ நகரில் அயர்லாந்து மக்கள் அமைத்த ஹைபர்னியன் காற்பந்துக் கழகம் ஸ்காட்லாந்துக் கிண்ணத்தை வென்றது. மக்கள் திரண்டு வந்து காணும் இவ்வாட்டத்தைக் கொண்டே பிள்ளைகளின் பசியைப் போக்கலாமே என வால்பிரிட் எண்ணினார். அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள், புனித மரியாள் ஆலய மண்டபத்தில் நண்பர்களைக் கூட்டினார். செல்டிக் காற்பந்துக் கழகம் பிறந்தது.

கழகம் பிறந்தது, திடல் வேண்டுமே! தொண்டர்கள் முன்வந்து, தம் உழைப்பையே நன்கொடையாகத் தந்து, ஆறு மாதங்களில் திடலை அமைத்து முடித்தனர். 1888ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்தில், ரேஞ்சர்ஸ் குழுவை 5-2 என்னும் கோல் கணக்கில் செல்டிக் வென்றது. நுழைவுக் கட்டணமாகத் திரண்ட பணம் பிள்ளைகளின் உணவாயிற்று. 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக் கிண்ணமும் செல்டிக்கின் கைக்கு வந்தது. தாழ்வாக எண்ணப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்தனர்.

பின்னர் வால்பிரிட் இலண்டனுக்கு மாற்றப்பட்டார். ஆங்கும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பெத்னல் கிரீன் பகுதியின் ஏழைச் சிறுவர்களுக்குக் காற்பந்தாட்டங்களை ஏற்பாடு செய்து மகிழ்வித்தார். ஆனால், கிளாஸ்கோவில் நிலைமை மாறியது. 1897ஆம் ஆண்டில் செல்டிக் கழகம் பங்குதாரர்களின் நிறுவனமாயிற்று. வருவாய் பெருகியது, பிள்ளைகளுக்கான உதவியோ குறைந்தது. எந்நோக்கத்துக்காகக் கழகம் பிறந்ததோ, அந்நோக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சகோதரர் வால்பிரிட் 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இயற்கை எய்தினார். 1967ஆம் ஆண்டில், செல்டிக் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று, அச்சிறப்பைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் கழகமாயிற்று. அன்று ஆடிய வீரர் அனைவரும் கிளாஸ்கோவிலிருந்து 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள் என்பது வியப்புக்குரியது. மறைந்த நோக்கமும் மீண்டும் தழைத்தது. 1995ஆம் ஆண்டில் கழகம் ஏழையருக்கென அறநிதியம் ஒன்றை அமைத்தது. 2005ஆம் ஆண்டில் திடலின் முன்னே வால்பிரிட்டின் சிலையும் எழுந்தது.

அன்பு மாணவர்களே! திடலில் பந்தை உதைக்கும்போது இப்பெரியாரை நினைவிற் கொள்ளுங்கள். பெற்றோர்களே! பெருஞ்செல்வர் எவரும் அக்கழகத்தைத் தொடங்கவில்லை. ஓர் ஆசிரியரும் உழைக்கும் மக்களும் கூடித் தொடங்கினர். கிண்ணங்களை வெல்வது கழகத்துக்குப் பெருமை. ஆடவும் உண்ணவும் வழியற்ற பிள்ளையைக் கைதூக்கி விடுவதோ அதனினும் பெரும் பெருமை. அதனை மறவாத கழகமே உண்மையில் வென்ற கழகம்.