பாஸ்கர சேதுபதியும் சீமைத் தீர்ப்பும்

ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியின் பெயரைச் சொன்னவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது அவருடைய கொடைதான். விவேகானந்த ஸ்வாமிகளைச் சிகாகோவுக்குச் செல்லத் தூண்டியவர்களில் ஒருவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்குத் துணை நின்றவர், கேட்டவருக்கு இல்லையென்னாதவர் என்று அவரைப் போற்றுகிறோம். அப்புகழ் அவருக்கு உரியதே. ஆனால் அவருடைய வாழ்வில் நாம் போதிய கவனம் செலுத்தாத பகுதியொன்று உண்டு. அவர் பிறந்த வருஷத்தில் லண்டன் மாநகரத்துப் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பால்தான் அவர் சமஸ்தானத்துக்கு உரியவரானார். அவர் மறைந்த ஐந்தாவது வருஷத்தில் அதே கவுன்சில் அவர் தொடுத்த வழக்கில் கடைசித் தீர்ப்பளித்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே கழிந்த அந்தக் குறுகிய வாழ்வு, அந்நிய நீதிஸ்தலங்கள் நம் நிலத்தையும் கோயிலையும் எவ்வாறு கணக்கிட்டன என்பதை நன்கு விளக்குகிறது.

சேதுபதிகள் சேதுவின் காவலர்கள். ராமேசுவர யாத்திரிகர்களுக்கு வழித்துணையாகவும் கடற்கரைச் சீமைக்குக் காவலாகவும் நின்றதனால் வந்த பட்டம் அது. கமுதியில் குண்டாற்றங்கரையிலுள்ள கோட்டை, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயரகுநாத சேதுபதி கட்டியது. அக்காலத்தில் சேதுபதியின் உரிமை வாளினாலும் வழக்கத்தினாலும் நிலைபெற்றது. எந்தக் கச்சேரியின் பத்திரமும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

அந்நிலை 1795-ல் அழிந்தது. அவ்வருஷம் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைக் கைது செய்து திருச்சிராப்பள்ளியில் சிறை வைத்தனர். பின்னர் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்ட அவர், 1809-ல் சிறைக் கைதியாகவே உயிர் நீத்தார். அவருடைய ஆட்சியை மீட்க வேண்டுமென்று சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரரும் அவரைச் சேர்ந்தோரும் 1799-ல் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி ஆகிய ஊர்களில் கும்பினியாரின் அதிகாரத்தைத் தாக்கினார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது; மயிலப்பன் 1802-ல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த வருஷமே, அதாவது 1803-ல், சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்குக் கும்பினியார் ஜமீன் சன்னத்து வழங்கினர். அரசு ஜமீனாயிற்று. காவல் கடமையாக இருந்தது, பேஷ்குஷ் செலுத்தி அநுபவிக்கும் சொத்தாயிற்று.

இந்த மாறுதலின் பொருளை நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அரசுரிமையில் தகராறு வந்தால் அதைத் தீர்ப்பவர் நாட்டார். சொத்துரிமையில் தகராறு வந்தால் அதைத் தீர்ப்பது கோர்ட்டு. சன்னத்து எழுதப்பட்ட நாள் முதல் சேதுநாட்டின் வாரிசு யார் என்பதைச் சேதுநாட்டார் தீர்மானிக்க இயலவில்லை. அண்டைச் சிவகங்கையிலும் இதே கதைதான். அங்கே கௌரி வல்லபத் தேவர் 1829-ல் காலமானார். அவர் குமாரத்தி காத்தம நாச்சியாருக்கே ஜமீன் உரியது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1863-ல். முப்பத்துநான்கு வருஷங்களில் எத்தனை கிராமங்களின் மகசூல் வக்கீல் கூலியாகவும் கோர்ட்டுச் செலவாகவும் கரைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் பதைக்கிறது.

ராமநாதபுரத்தில் ராமசாமி சேதுபதி 1830-ல் ஆண் சந்ததியின்றி இறந்தார். அவருடைய மனைவி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், தாயாதிகளின் சம்மதம் பெற்று 1847-ல் முத்துராமலிங்கம் என்ற பிள்ளையைச் சுவீகாரம் செய்துகொண்டார். மதுரைக் கலெக்டர் இதை ஒப்பவில்லை. கணவன் உயிரோடிருக்கையில் அனுமதி தராமல் விதவை தத்தெடுத்தல் செல்லாது, ஆகையால் ராணிக்குப் பின் ஜமீன் வாரிசற்ற சொத்தாகிச் சர்க்காரைச் சேரும் என்பது அவர் கட்சி. வாரிசில்லை என்று சொல்லி ராஜ்யங்களை விழுங்குவது அந்நாளில் வெள்ளையருக்குப் பழக்கமான வித்தை. வடக்கே ஜான்சி முதலிய சமஸ்தானங்கள் அவ்விதமே போயின.

ராணி அஞ்சவில்லை, வழக்காடினார். 1864-ல் சென்னை ஹைக்கோர்ட்டும், 1868-ல் பிரிவி கவுன்சிலும் சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தன. திராவிட தேசத்து வழக்கப்படி, கணவனுடைய அனுமதி இல்லாவிடினும், போதிய தாயாதிகளின் சம்மதத்துடன் விதவை தத்தெடுக்கலாம் என்பது முடிவு. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டிலுள்ள சாஸ்திர வசனத்தைவிட வலியது என்ற கோட்பாட்டையும் அக்கவுன்சில் நிலைநாட்டிற்று. கலெக்டர் கட்சி தோற்றது, சேதுநாடு பிழைத்தது. அவ்வருஷம் அக்டோபர் மாதம் 3-ம் தேதி அம்முத்துராமலிங்க சேதுபதியின் குமாரராகப் பிறந்தவரே பாஸ்கர சேதுபதி.

அவருக்கு ஐந்து வயது ஆகும் முன்னரே, அல்லது ஆகும் தறுவாயில், 1873-ல் தந்தை காலமானார். சமஸ்தானம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் வசமாயிற்று. குழந்தை ராஜாவுக்கு வெள்ளைத் துரைமார் ஆங்கிலக் கல்வி புகட்டினர். 1889-ல் இருபது வயதில் பட்டமேறினார். முன்னோர் கொடுத்ததுபோல் அவரும் கொடுத்தார். முன்னோருக்குக் கொடை ராஜ தர்மம். கொடுக்கக் கொடுக்க ஆட்சி வலுப்படும். ஜமீன்தாருக்கோ கொடை வெறும் செலவு; கொடுக்கக் கொடுக்கக் கடன் ஏறும். பேஷ்குஷ் தவணை தவறக்கூடாது. கடன்காரனுக்குக் கோர்ட்டின் துணை உண்டு. சேதுபதியின் மனமும் ஜமீன்தாரின் வரவும் ஒருவரிடத்திலேயே பொருந்தியிருந்ததுதான் அவருடைய துன்பத்துக்கு மூலம். சில வருஷங்களில் கடன் பெருகி, நிர்வாகம் அவர் கையைவிட்டு நழுவலாயிற்று.

1897 ஜனவரி 26-ல் விவேகானந்த ஸ்வாமிகள் பாம்பனில் வந்திறங்கியபோது ராஜா அவரை ராஜ மரியாதையுடன் வரவேற்றார். ஸ்வாமிகள் ஏறிய வண்டியைத் தாமே இழுத்தார் என்பது பிரசித்தம். ராமேசுவரம் ஆலயத்தில் ஸ்வாமிகள் செய்த உபந்யாசத்தின் சாரம், ஏழை எளியவரிடத்தில் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்பது.

நான்கு மாதங்கூடக் கழியவில்லை. அதே 1897 மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்து வழிபட்டனர். வணிகத்தில் உழைத்து முன்னேறிய அச்சமூகத்தார், ஊருக்குப் பொதுவான கடவுளைத் தாமும் சந்நிதியில் நின்று தொழ விரும்பினார்கள். வேறொரு பிழையும் செய்யவில்லை. பரம்பரைத் தர்மகர்த்தா என்ற முறையில் பாஸ்கர சேதுபதி மதுரை சப் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். சாட்சிகள் பலர் விசாரிக்கப்பட்டனர். 1899-ல் தீர்ப்பு வந்தது: நுழைந்தவர்களுக்கு வழக்கப்படி பிரவேச உரிமை இல்லை, கோயிலைச் சுத்தி செய்யும் செலவையும் அவர்களே தர வேண்டும். சிவகாசியில் பெருங்கலகம் மூண்டு ரத்தம் சிந்தியதும் அதே வருஷத்தில்தான். பிரதிவாதிகள் அப்பீல் செய்தனர்.

இங்கே நம் கருத்தைக் கவர வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பீல் நிலுவையிலிருந்தபோது ராஜா பிரதிவாதிகளோடு சமாதானத்துக்கு இசைந்தார். வேறு சில பக்தர்கள் குறுக்கிட்டு எதிர்த்தனர். சமாதானத்தை நீதிஸ்தலம் ஏற்கவில்லை. கோயிலின் வழக்கத்தை மாற்றத் தர்மகர்த்தாவுக்கு அதிகாரமில்லை, மாற்றினால் அது அவர் பொறுப்புக்குத் துரோகம் என்று கருதப்பட்டது. வாதியே கதவைத் திறக்க முன்வந்தபோதும் கோர்ட்டு அதைத் திறக்க விடவில்லை.

வழக்கத்தின் பெயரால் 1868-ல் சேதுபதிக்கு நிலம் கிடைத்தது. வழக்கத்தின் பெயராலேயே பிற்பாடு சேதுபதியின் கையும் கட்டப்பட்டது. நம் நாட்டில் வழக்கம் என்பது ஓடும் ஆறு. ஊர் கூடி வளர்க்கும், ஊர் கூடி மாற்றும். அந்நிய நீதிபதி அதைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி எழுதி முத்திரையிட்ட அக்கணமே அது உறைந்து கல்லாய் விடுகிறது. நீதிபதிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ராணியின் உரிமையைக் காத்தவர்களும் அவர்களே. குறை, அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. ஆனால் ராஜாவின் பொறுப்பையும் நாம் மறைக்கப் போவதில்லை. கலெக்டருக்கு எதிராகத் தம் குடும்பத்துக்கு நியாயம் தேடித் தந்த அதே கோர்ட்டுப் படியைத் தம் நாட்டு மக்களுக்கு எதிராக முதலில் ஏறியவர் அவரே. வண்டியிழுத்த பக்தியும் வழக்குத் தொடுத்த பிடிவாதமும் ஒரே நெஞ்சில் இருந்தன.

இனி, இவ்வழக்குகளில் கட்சிக்காரராகவே சேர்க்கப்படாதவர் ஒருவர் உண்டு. அவரே உழுகிற குடியானவர். ராணியா, கலெக்டரா என்று லண்டனில் வாதித்தபோது, மேல்வாரம் யாருக்கு என்பதே கேள்வி. குடிவாரம் யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. ஜமீன் குடிகளின் உரிமை குறித்துத் தீர்ப்புகள் முன்னுக்குப்பின் முரண்பட்டன. ஜமீன் குடியின் சாகுபடி உரிமை ஜமீன்தார் அளித்த தயவு அன்று என்பதைச் சென்னை ஹைக்கோர்ட்டு ஏற்றதும் அதே 1897-ல்தான். அதைச் சட்டமாக்கிய சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது 1908-ல். வானம் பார்த்த கமுதிச் சீமையில் கண்மாய் வெட்டி, கரை காத்து, கருவேலங்காட்டைக் கழனியாக்கியவனுக்குத் தன் நிலம் தன்னது என்று எழுத்தில் காண ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பாஸ்கர சேதுபதி அந்நாளைக் காணவில்லை. 1903 டிசம்பர் 27-ல் தம் முப்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். வழக்கு அவரோடு சாகவில்லை. அவர் குமாரர் ராஜராஜேசுவர சேதுபதியின் பெயரில் தொடர்ந்து, 1908-ல் பிரிவி கவுன்சில் நாடார்களின் அப்பீலைத் தள்ளிற்று. குண்டாற்றைக் கனவிலும் கண்டிராத கனவான்கள், கமுதிக் கோயிலுக்குள் யார் போகலாம் என்பதற்கு முடிவு சொன்னார்கள்.

அம்முடிவு நிலைத்ததா? நிலைக்கவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அவ்வருஷத்துச் சட்டமும், 1947-ன் ஆலயப் பிரவேசச் சட்டமும் பிரிவி கவுன்சில் சாத்திய கதவைத் திறந்தன. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1949-ல் ராமநாதபுரம் ஜமீனும் சர்க்கார் வசமாயிற்று. சன்னத்தினால் வந்தது சட்டத்தினால் போயிற்று. கோர்ட்டுகள் ஒரு நூற்றாண்டில் செய்யாததை மக்களின் கிளர்ச்சியும் மக்கள் தேர்ந்த சட்டசபையும் பத்தே வருஷங்களில் செய்தன.

பாஸ்கர சேதுபதியை நாம் வணங்கலாம், வணங்கவும் வேண்டும். ஆனால் அவர் வாழ்வு கற்பிக்கும் பாடத்தை அவர் புகழில் மறந்துவிடலாகாது. இன்றும் நிலத்துக்கும் கோயிலுக்கும் வழக்கம் என்ற பெயரில் உரிமை கோரப்படுகிறது. பட்டாவும் பத்திரமும் நீதிஸ்தலங்களில் அடுக்கப்படுகின்றன. அங்கே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர் யார்? அந்த வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படாதவர் யார்? இரண்டாவது கேள்விக்கு விடை காணாத எந்தத் தீர்ப்பும், அது எத்துணை உயர்ந்த மன்றத்திலிருந்து வந்தாலும், முடிந்த தீர்ப்பாகாது.