நாவடக்கம் போதித்த சக்கரவர்த்தி

மௌரிய குலத்து அசோக சக்கரவர்த்தியை அறியாதார் நம்மவரில் இலர். சாரநாத்தில் அவர் நிறுவிய தூணின் சிங்க உருவம் 1950 முதல் நமது தேசத்தின் இலச்சினையாக விளங்குகின்றது. ஆயினும், பகைமையைத் தணிக்க அவர் கைக்கொண்ட முறையை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

முடிசூடி எட்டாண்டுகள் சென்றபின், கி.மு. 261-ஆம் ஆண்டையொட்டி, அவர் கலிங்கத்தை வென்றார். அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். 1,50,000 பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களினும் பன்மடங்கினர் மடிந்தனர். இக்கணக்கைப் பகைவர் எழுதவில்லை; வென்ற வேந்தரே தமது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் வருத்தத்துடன் பொறித்து வைத்தார்.

வாளை உறையிலிட்டால் மட்டும் பகை மாய்வதில்லை. அவரது நாட்டில் பௌத்தரும் பிராமணரும் ஆசீவகரும் நிர்க்கிரந்தரும் அருகருகே வாழ்ந்தனர். ஆகவே பன்னிரண்டாம் சாசனத்தில் நாவடக்கத்தையே அடிப்படையாக வைத்தார். தக்க காரணமின்றித் தன் சமயத்தைப் புகழ்தலும் பிறர் சமயத்தை இகழ்தலும் ஆகா. காரணம் உளதாயினும் அளவோடு பேசுதல் வேண்டும். பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கின்றான். ஒருவர் கொள்கையை மற்றவர் செவிமடுத்தல் நன்று. இவையே அதன் சாரம்.

எழுதியதோடு அவர் அமையவில்லை. முடிசூடிப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின் தம்ம மகாமாத்திரர் என்னும் அதிகாரிகளை நியமித்தார். அவர்கள் எல்லாச் சமயத்தாரிடையேயும், ஏவலர், ஆதரவற்றோர், முதியோர், சிறைப்பட்டோர் ஆகியோரிடையேயும் பணியாற்றினர். ஆசீவகருக்கும் பராபர் குன்றில் குகைகளைத் தானமளித்தார். தோற்ற கலிங்கத்திலோ, எவரையும் நீதியின்றிச் சிறையிடலும் வதைத்தலும் கூடாதெனத் தோசலி, சமாபா நகர அதிகாரிகளுக்குத் தனியே ஆணையிட்டார். அது நிறைவேறுகின்றதா என்று காண ஐந்தாண்டுக்கொருமுறை கடுமையற்ற அதிகாரி ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு செய்தார். அநீதி நீங்காத இடத்தில் வெறுப்பும் நீங்காதன்றோ?

அவரும் முற்றும் குறையற்றவர் அல்லர். வனவாசிகளுக்குத் தமது வலிமையை நினைவூட்டி எச்சரித்ததும் அதே பதின்மூன்றாம் சாசனந்தான். இதனை நாம் மறைத்தல் வாய்மையாகாது.

அன்பர்களே! தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த நமக்கு வசைக்கு வசை கூறும் எண்ணம் எழுதல் இயல்பே. அநீதியை அநீதியென்று உரைப்பதை அசோகர் தடுக்கவில்லை. காரணமும் அளவும் வேண்டுமென்றார். அயலார் சமயத்தை நாம் இழித்துரைக்குந்தோறும் பழுதுறுவது நாம் தழுவிய தம்மமே. நமது கூட்டங்களில் பேச எழும்போது அவ்விரண்டையும் மனத்திற்கொள்வோமாக.