ருடால்ப் விர்ச்சோ

ஆவடியிலிருந்து சென்னை நோக்கிவரும் மின்சாரப் புகைவண்டியிற் காலைப்பொழுதில் ஏறுவோர், பட்டரவாக்கத்திலும் அம்பத்தூரிலும் பட்டதாரி இளைஞர் பலர் இறங்கித் தொழிற்பேட்டைப் பக்கம் விரைந்து செல்லக் காண்பர். 1964ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அப்பேட்டையில், இரும்புப் பட்டறைகளுக்கு அண்மையிலேயே பன்மாடி அலுவலகங்களும் இப்போது எழுந்துள்ளன. அவற்றுட் சிலவற்றில், அமெரிக்க மருத்துவர் எழுதிய நோயாளர் குறிப்புக்களைப் படித்து, நோய் ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தையும் எண்ணையும் இட்டனுப்பும் வேலை நடைபெறுகின்றது. மெடிக்கல் கோடிங் என்பது அதன் பெயர். நம்மோடு பயின்ற நண்பர் சிலரும் அதனையே தொழிலாகக் கொண்டுள்ளனர். அவர் கூறியவற்றுள் ஒன்று நம் மனத்தை ஈர்த்தது. சிரையின் அழற்சிக்கு ஐ 80. சிரையில் இரத்தம் உறைந்து கட்டிப்படுவதற்கு ஐ 82. அக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் நாடியை அடைப்பதற்கு ஐ 26. இவை வெவ்வேறு என்று காட்டிப் பெயரும் இட்டவர் யாவர் என வினவினோம். நண்பர்க்கு விடை தெரியவில்லை. நமக்கும் அன்று தெரியாது. பின்னர்த் தேடியறிந்த சரித்திரத்தை ஈண்டு எழுதுகின்றோம்.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பிரஷிய இராச்சியத்துப் பொமரேனியாப் பகுதியில், இன்று போலந்து நாட்டைச் சேர்ந்துள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். குடும்பம் செல்வமுடையதன்று. ஆதலின் சேனைக்கு வைத்தியரைப் பயிற்றும் பெர்லின் கலாசாலையில் 1839இற் சேர்ந்து, 1843இற் பட்டம் பெற்று, சாரிட்டே என்னும் பெரிய வைத்தியசாலையில் பிரேதப் பரிசோதனைப் பகுதியில் அமர்ந்தார்.

அக்காலத்திற் பாரிஸ் நகரத்துக் குருவேல்யே என்னும் பேராசிரியரின் கொள்கையே எங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. சிரையழற்சியே நோய்கள் அனைத்துக்கும் தலைமை என்பது அக்கொள்கை. மகப்பேற்றுக்குப் பின்னரோ, நெடுநாட் படுக்கையிற் கிடந்த பின்னரோ, ஒருவர் திடீரென மூச்சுத் திணறி மாண்டால், நுரையீரல் நாடியில் அழற்சி தோன்றி அங்கேயே இரத்தம் உறைந்தது என்று எழுதி முடித்துவிடுவர். இக்கொள்கையை ஆராய்ந்து பார்க்குமாறு மேலதிகாரியாகிய பிரோரீப் இளைஞர் விர்ச்சோவை ஏவினார். ஏவியவர் இவ்வளவு பெரிய விளைவை எதிர்பார்த்திருப்பாரோ, அறியோம்.

விர்ச்சோ பிரேதம் பிரேதமாகத் திறந்து பார்த்தார். நுரையீரல் நாடியில் அடைப்பு இருந்தது; ஆயின் அடைப்பைச் சூழ்ந்த நாடிச்சுவரில் அழற்சிக்குறி காணப்படவில்லை. அத்தோடு நில்லாது, பிறர் பெரும்பாலும் பார்த்திராத கால்களின் சிரைகளையும் அறுத்து நோக்கினார். ஆங்கே மூலக்கட்டி கிடந்தது! இரத்தவோட்டம் அதன் துண்டை இதயத்தின் வழியே நுரையீரலுக்குச் சுமந்து சென்றதென அவர் துணிந்தார். துணிபு மட்டும் போதாதென்று, நாய்களின் கழுத்துச் சிரையில் இரப்பர்த் துண்டு முதலியவற்றைச் செலுத்தி, அவை நுரையீரல் நாடியிற் சென்று தங்கியிருத்தலை எடுத்துக் காட்டினார். 1846ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கட்டுரைகளில் இவை விளக்கப்பெற்றன. இருந்த இடத்தில் உறைவதைத் திராம்போசிஸ் என்றும், பெயர்ந்து சென்று அடைப்பதை எம்போலியா என்றும் வழங்கினார். இரத்தவோட்டம் தளர்தல், குழாய்ச்சுவர் கெடுதல், இரத்தத்தின் இயல்பு திரிதல் என்னும் மூன்று காரணங்களை இன்று மாணவர் அவர் பெயராலேயே மனனம் செய்கின்றனர். அவ்வாறு தொகுத்துப் பெயர் சூட்டியவர் பின்வந்தோரே.

நிற்க. நம் நண்பரின் தொழிலோடு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 1876இல் விர்ச்சோ பிரேதப் பரிசோதனை முறையைக் குறித்து நூலொன்று வெளியிட்டார். எவ்வுறுப்பை முதலில் நோக்குவது, எதனை அடுத்து நோக்குவது, எங்ஙனம் பதிவது என்பன அதில் வரையறுக்கப்பெற்றுள்ளன. பிரஷிய அரசு முந்திய ஆண்டிற் செய்த விதிகளும் அதனோடு சேர்க்கப்பெற்றன. அழற்சி, புண், ஆரோக்கியம் என்று வெறுந்தீர்ப்பாக எழுதலாகாது, கண்ட நிறத்தையும் அளவையும் இடத்தையும் எழுதுக என்பது அவ்விதிகளின் கருத்து.

அம்பத்தூர் நண்பர்க்கு இன்றும் இதுவே இடர். காலிற் கட்டி என்று மட்டும் மருத்துவர் எழுதிவிட்டால், வலமோ இடமோ, தொடைச்சிரையோ முழங்காற்பின் சிரையோ, புதியதோ நாட்பட்டதோ விளங்காது. இடத்தொடைச் சிரையிற் புதிதாகத் தோன்றியது ஐ 82.412, அதுவே நாட்பட்டதாயின் ஐ 82.512; முன்பிருந்து நீங்கியதாயின் இசட் 86.718. கட்டியைக் கரைய விடாது தடுக்கும் குறைபாடோ, உறைதடுப்பு மருந்தோ குறிப்பிற் கண்டவுடன் தாமே நோயை ஊகித்துக்கொள்ள அவர்க்கு உரிமை இல்லை. மருத்துவரையே வினவவேண்டும், விடையை வினாவிற்குள் வைத்தும் வினவலாகாது. ஒரு வியப்பையும் கூறிவிடுகின்றோம். உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த பத்தாம் திருத்தப் பட்டியலில், காலின் ஆழ்சிரைக் கட்டி அழற்சிக்குரிய ஐ 80இலேயே வைக்கப்பட்டுள்ளது. அமெரிக்கர் தமக்கென மாற்றியமைத்து 2015 அக்டோபர் முதல் வழங்கும் பதிப்பிலேயே அது ஐ 82க்குச் சென்றது. குருவேல்யேயின் நிழல் அத்துணை நீளம் போலும்!

விர்ச்சோ வைத்தியசாலைக்குள் அடங்கியிருந்தவர் அல்லர். 1848இல் மேல் சைலீசியாவில் விஷக்காய்ச்சல் பரவியபோது அனுப்பப்பெற்று, வறுமையையும் கல்வியின்மையையும் நல்லரசின்மையையுமே காரணமாகக் காட்டி அறிக்கை விடுத்தார். அரசின் சீற்றத்துக்கு ஆளாகி, 1849இல் வூர்ட்ஸ்பர்க்குக்குப் பெயர்ந்து, 1856இற் பெர்லினுக்குப் பெருமையுடன் மீண்டார். உயிரணு ஒவ்வொன்றும் உயிரணுவினின்றே தோன்றும் என்னும் கொள்கையை விளக்கிய நூல் 1858இல் வந்தது. பெர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமைவதற்கும் பாடுபட்டார். சட்டசபையிற் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்றார்.

அவர் பிழையே செய்யாதவர் என்று எழுதுதல் அவர்தம் முறைக்கே மாறாகும். பிரசவ அறைக்குச் செல்லும் மருத்துவர் கைகழுவவேண்டும் என்ற செம்மல்வைஸின் கொள்கையை ஏற்க மறுத்தோருள் அவரும் ஒருவர். சிரையைத் தாமே திறந்து பார்த்த அவர், இதனிற் பார்க்காமலே இருந்தனர் என்பது வருந்தத்தக்கது.

1902 ஜனவரியில், எண்பது வயது கடந்த முதியவர், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியினின்று இறங்குகையில் வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தார். நெடுநாட் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. மீண்டும் பழைய உடல்வலிமை பெறாது, அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பெர்லினில் இதயந் தளர்ந்து உயிர் நீத்தார்.