ஹெபியர் அடிகளார்: மட்டக்களப்பு வீதியில் காணாமல் போன கூடைப்பந்துப் பயிற்றுநர்

கிழக்கு மாகாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் நீண்ட பட்டியலில் அமெரிக்கர் ஒருவரின் பெயரும் உண்டு. அவர் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹெபியர், சேசு சபைத் துறவி. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் வந்து சேரவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66. அதில் 42 ஆண்டுகள் இந்தத் தீவில் கழிந்தவை.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் நடுத்தர வயதைக் கடந்த பழைய மாணவர்கள் அவரைக் கூடைப்பந்துப் பயிற்றுநராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்றைய இளையவர்களுக்கு அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. தலைமைத்துவம் பற்றிப் பயிற்சிப் பட்டறைகளும் கருத்தரங்குகளும் நிறைந்துவிட்ட இக்காலத்தில், முன்னே நடந்து காட்டுவதே தலைமை என்று வாழ்ந்த ஒருவரின் கதை சொல்லப்பட வேண்டியது.

லூசியானாவிலிருந்து கிழக்கிலங்கைக்கு

ஹெபியர் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தென்மேற்கு லூசியானா நெல் விளையும் தாழ்ந்த நிலம். பிரெஞ்சு வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. வெக்கையும் சதுப்பும் வெள்ளமும் அங்கும் பழக்கமானவை. பதினேழு வயதில், 1941இல், சேசு சபையில் சேர்ந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் துறவுப் பயிற்சியில் இருந்த அவர், 1948இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு அது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்த ஆண்டும் அதுதான்.

அவர் வந்த மிஷனுக்கு அதற்கு முன்பே அரை நூற்றாண்டு வரலாறு இருந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. 1895இல் அது பிரெஞ்சு சேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கத்தோலிக்கர் எல்லோரும் அதற்குள் அடங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சிலிருந்து ஆட்கள் வருவது குறைந்தபோது, நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த அமெரிக்கத் துறவிகள் அந்த இடத்தை நிரப்பினர். மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்தவரும் அந்த அமெரிக்கச் சேசு சபையினருள் ஒருவர்தான்.

கிழக்கில் கத்தோலிக்கர் சிறு தொகையினர். இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மண்ணில் மதம் மாற்றுவதை மட்டும் வேலையாகக் கொண்டிருந்தால் இந்தத் துறவிகளை இவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கால் பதித்தது பாடசாலையில். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மூவினப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். ஹெபியர் அடிகளார் இந்த இரு கல்லூரிகளிலும் பணியாற்றினார்.

ஐந்து பேர் ஆடும் ஆட்டம்

கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் உருவான விளையாட்டு. அதற்குப் பெரிய மைதானமும் தேவையில்லை, விலையுயர்ந்த சாதனங்களும் தேவையில்லை. சீமெந்துத் தரை, இரண்டு வளையங்கள், ஒரு பந்து போதும். கிரிக்கெட் கொழும்பின் பெரிய கல்லூரிகளின் ஆட்டமாக இருந்த காலத்தில், மட்டக்களப்புப் பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் பெயர் எடுத்தது கூடைப்பந்தில். புனித மிக்கேல் கல்லூரியின் அந்தப் புகழுக்குப் பின்னால் ஹெபியர் அடிகளாரின் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது.

வென்ற கிண்ணங்களை எண்ணுவதைவிட அந்த வெற்றி என்ன செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. மீனவர் மகனும் ஆசிரியர் மகனும் கடைக்காரர் மகனும் ஒரே அணிக்குள் வந்தார்கள். ஐந்து பேர் ஆடும் இந்த ஆட்டத்தில் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பந்தைப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்காமல் வெல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. கோயிலில் பிரசங்கமாகச் சொன்னால் பாதிப் பேர் கேட்டுவிட்டு மறந்துவிடும் பாடத்தை, மாலை நேரப் பயிற்சி உடம்பிலேயே பதித்துவிடுகிறது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாட்டின் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்குப் போயின. திருச்சபையின் கையிலிருந்த நிர்வாக அதிகாரம் போனது. வெளிநாட்டுத் துறவிகள் பலருக்கு இனி இங்கே என்ன வேலை என்ற கேள்வி எழுந்திருக்கும். ஹெபியர் அடிகளார் போகவில்லை. பிள்ளைகளோடு நிற்கப் பதவி வேண்டியதில்லை என்பதை அவருடைய அடுத்த முப்பது ஆண்டுகள் காட்டின.

பின்னாளில் அவர் மட்டக்களப்பில் சேசு சபையினர் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தின் பணிப்பாளரானார். பல்கலைக்கழக வாசலுக்குப் போக முடியாத இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் இடம் அது. தரப்படுத்தலும் வேலையின்மையும் இளைஞரை விரக்திக்குள் தள்ளிய காலத்தில், ஒரு தொழில் தெரிந்த கை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அந்தத் தலைமுறைப் பெற்றோர் அறிவார்கள்.

போர் வீட்டு வாசலுக்கு வந்தபோது

1980களில் கிழக்கில் இளைஞராக இருப்பதே ஆபத்தானது. சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளையைத் தேடித் தாய்மார் முதலில் போன இடங்களில் ஒன்று பங்குத் தந்தையின் வீடு. முகாம் வாசலில் ஆங்கிலத்தில் பேசி, பெயரைச் சொல்லி விசாரிக்கக்கூடியவர்களாக இருந்தவர்கள் குருமாரும் பிரஜைகள் குழுவினரும்தான்.

அந்தப் பணிக்கு விலை இருந்தது. 1984 டிசம்பரில் மன்னார் முருங்கனில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார். 1988 ஜூன் 6ஆம் திகதி மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக்கொல்லப்பட்டார். ஹெபியர் அடிகளார் வாழ்ந்த அதே நகரில், அவருடைய சக குருவானவருக்கு நேர்ந்தது இது. இனி என்ன நடக்கலாம் என்று தெரியாமல் அவர் மட்டக்களப்பில் இருக்கவில்லை. தெரிந்தே இருந்தார். அவரிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம்முடைய மக்களுக்கு அப்படித் தெரிவு எதுவும் இருக்கவில்லை. தெரிவு இருந்தும் போகாமல் இருந்தவர் என்பதே அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதற்செய்தி.

1990இன் அந்த ஓகஸ்ட்

1990 ஜூன் 11ஆம் திகதி இரண்டாம் கட்ட ஈழப்போர் கிழக்கில் வெடித்தது. விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். இராணுவம் மீண்டும் நகரங்களைப் பிடித்தபோது தமிழ் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போனார்கள். கோயில்களும் பாடசாலைகளும் அகதி முகாம்களாயின.

ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். இரண்டுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பென்று பரவலாகக் கூறப்பட்டது, அவர்கள் மறுத்தனர். ஓகஸ்ட் 12ஆம் திகதி அம்பாறை மாவட்டம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். இந்தப் பத்து நாட்களில், தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரை மற்றவர் கடக்க அஞ்சும் நிலை உருவானது.

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை, சத்துருக்கொண்டான் என்று தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து வரும் வீதி. சாதாரண நாட்களில் ஒரு மணித்தியாலப் பயணம். அந்த வாரத்தில் அது எவரும் போகத் துணியாத வழி.

ஹெபியர் அடிகளார் வாழைச்சேனைக்குப் போனது அங்கே கலவரத்தில் அகப்பட்டிருந்தவர்களுக்கு உதவுவதற்காக. ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை, தானே போனார். ஓகஸ்ட் 15ஆம் திகதி திரும்பப் புறப்பட்டார். அன்று மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. சேசு சபையினருக்கு அந்நாளில் வேறொரு நினைவும் உண்டு. 1534இல் அதே திகதியில்தான் இக்னேசியஸ் லொயோலாவும் அவருடைய தோழர்களும் பாரிஸில் தங்கள் முதல் வாக்குறுதிகளை எடுத்தார்கள்.

ஏறாவூர்ப் பகுதிக்குப் பின் அவர்களைப் பற்றிய தடயம் இல்லை. பலர் பல பக்கம் கை நீட்டினார்கள். சக துறவிகள் தேடினார்கள். எந்த நீதிமன்றத்திலும் எவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

அடுத்த மாதம் அதே வீதியோரத்தில் நடந்தவற்றை இங்கு யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டனர். ஓர் அமெரிக்கத் துறவி காணாமல் போனது வெளிநாடுகளில் செய்தியானது. இவர்களில் பலருடைய பெயரும் ஊரைத் தாண்டவில்லை.

கல்லறை இல்லாதவர்களோடு

ஹெபியர் அடிகளாருக்கும் கல்லறை இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் இம்மக்களோடு வாழ்ந்தவர், முடிவிலும் இம்மக்களில் ஆயிரக்கணக்கானோர் அடைந்த அதே நிலையை அடைந்தார். உடலும் இல்லை, சாட்சியும் இல்லை, முடிவு இன்னதென்று சொல்லும் காகிதமும் இல்லை. கடவுச்சீட்டு வேறாக இருந்தும் விதி வேறாக இருக்கவில்லை.

1994இல் வடக்கு கிழக்குக்கென ஆணைக்குழு அமைத்தார்கள். 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. காணப்படாமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் வந்தது. தாய்மார் இன்னும் வீதியோரங்களில் படங்களோடு இருக்கிறார்கள். அவருடன் ஸ்கூட்டரில் ஏறிய அந்தத் தமிழ் இளைஞரை இங்கே மறந்துவிடக் கூடாது. முன்னே போனவரைப் பின்தொடர்ந்தவர் அவர். அடிகளாரைப் பற்றி எழுதுபவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துபோவதுண்டு. வழிகாட்டியின் துணிச்சலைவிட, அந்த நாளில் அந்த வீதியில் அவரோடு போக ஒப்பிய இளைஞரின் துணிச்சல் எந்த வகையிலும் குறைந்ததல்ல. அந்த வீதியில் ஒரு தமிழ் இளைஞருக்கு இருந்த ஆபத்து வெள்ளைக்காரத் துறவிக்கு இருந்ததைவிடக் கூடுதலானது.

கிண்ணியாவிலிருந்து பார்க்கையில்

இந்தக் கதையைத் திருகோணமலை மாவட்டத்தில், குறிப்பாகக் கிண்ணியாவில் இருந்து படிப்பவர்களுக்கு அதன் பொருள் இன்னும் நெருக்கமாகப் புரியும். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கிண்ணியாவுக்குப் பக்கத்திலேயே ஆலங்கேணி, ஈச்சந்தீவு போன்ற தமிழ்க் கிராமங்கள் உள்ளன. ஒரே துறையில் பாதை ஏறி நகரத்துப் பாடசாலைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போன மக்கள் இவர்கள். போர்க்காலம் இவர்களையும் பிரித்தது. இடப்பெயர்வும் சந்தேகமும் இரு பக்கத்திலும் இருந்தன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் துறையைக் கடப்பது சில நிமிட வேலையாகிவிட்டது. ஒருவர் ஊருக்குள் மற்றவர் தயக்கமின்றிப் போவது பாலத்தால் மட்டும் ஆவதில்லை.

கிறிஸ்தவத் தலைமை என்று ஒன்று கிழக்கில் இருந்ததென்றால் அது எண்ணிக்கையால் வந்ததல்ல. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே, இராணுவத்துக்கும் தாய்மாருக்கும் இடையே, இரு பக்கமும் போய்வரக்கூடிய சிலர் இருந்தார்கள். அவர்கள் சொன்னதை மக்கள் கேட்டதற்குக் காரணம், சொல்வதற்கு முன்னமே அவர்கள் அங்கே போயிருந்தார்கள். ஹெபியர் அடிகளார் அவர்களுள் ஒருவர். எரிந்துகொண்டிருந்த வீதியில் அவர் போனது எந்தப் பக்கத்துக்கும் எதிராக அல்ல, பயந்துபோயிருந்த மனிதருக்காக.

அவரிடம் பந்தைக் கையாளப் பழகியவர்கள் இன்று கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். பலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். அந்தத் தலைமுறை இருக்கும்போதே அவரைப் பற்றியும், அவரோடு போய்த் திரும்பாத இளைஞரைப் பற்றியும் தெரிந்ததை எழுதிவைப்பது அவசியம். கல்லறை இல்லாதவர்களுக்கு நாம் தரக்கூடிய இடம் அதுதான்.