இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டியவர்: ரொம் கில்பேர்ன்

நீர்வேலியில் 1995 இடம்பெயர்வுக்குப் பிறகும் ஒரு படமாவது மிஞ்சிய வீடுகள் அதிர்ஷ்டம் செய்தவை. எங்கள் வீட்டு அல்பங்கள் போனவைதான். இப்போது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படத்தை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அது எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டில், ஒரு மெய்நிகர் இயந்திரத்தில். தனக்கென்று ஒரு வன்தட்டு இருப்பதாக அந்த இயந்திரம் நம்புகிறது. உண்மையில் இல்லை. இயக்கி என்ற சிறு மென்பொருள் தரவை இலக்கமிட்ட துண்டங்களாக வேறெங்கோ உள்ள தட்டுகளுக்கு அனுப்புகிறது. தட்டில் பதியுமுன் பதிந்துவிட்டதாக அது சொல்லி, அந்த நேரம் கரன்ட் போனால், படமும் போய்விடும்.

இந்த வித்தைக்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் ரொம் கில்பேர்ன். 1921இல் இங்கிலாந்தின் டூஸ்பரியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவரை 1942இல் ராடார் ஆய்வுக்கு எடுத்தார்கள். யுத்தம் ஒரு துறையை வளர்த்தது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

யுத்தம் முடிய, பிரெடெரிக் வில்லியம்ஸுடன் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போனார். ராடார்த் திரை போன்ற குழாயில் மின்னேற்றப் புள்ளிகளாக எண்களைச் சேமித்தார்கள். புள்ளிகள் நொடிக்குள் மங்கிவிடும். மங்குமுன் வாசித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 1948 ஜூன் 21 அன்று, 32 வரிகளே கொள்ளும் அந்த நினைவகத்தில் வைத்த நிரலை அவர்களது 'பேபி' கணினி இயக்கியது. நிரலை எழுதியவர் கில்பேர்ன்.

அவரது பெரிய வேலை 1962இல் திறக்கப்பட்ட 'அட்லஸ்'. அதன் வேக நினைவகத்தில் சுமார் 16,000 சொற்களுக்கே இடம். மெதுவான காந்த உருளைகளில் அதைப் போல ஆறு மடங்கு. அதுவரை எதை எப்போது உருளையிலிருந்து எடுப்பது என்பது நிரல் எழுதுபவரின் தலையிடி. கில்பேர்ன் குழு எல்லாவற்றையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வெட்டியது. கேட்ட பக்கம் இல்லையென்றால், இயந்திரமே நிரலை நிறுத்திவைத்து, உருளையிலிருந்து அதைக் கொண்டுவரும். நிரலுக்குத் தெரிவது ஒரே பெரிய நினைவகம். இன்றைய இயக்கிகளும் அதே வழியில், இன்னும் தூரத்துத் தட்டுகளோடு வேலை செய்கின்றன.

1981இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் மனைவி ஐரீனை இழந்தார். 1998இல், பொன்விழாவுக்காக 'பேபி'யை மறுபடி கட்டி இயக்கியபோது அவரும் அங்கே இருந்தார். 2001 ஜனவரி 17 அன்று காலமானார்.